சொந்த நடையா, எழுத்துப் பாடமா: இருக்கிற நேரத்தை எதில் போடுவது?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கிற விதம்தான் வேறு. "எழுத்துப் பட்டறைக்குப் போனா என் நடை கெட்டுப்போயிடுமா?" என்பார் ஒருவர். "பத்து வருஷமா எழுதுறேன், எங்க வீட்லயே யாரும் முழுசாப் படிக்க மாட்டேங்கிறாங்க, ஏதாவது வகுப்புல சேரலாமா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும், வாரநாட்களில் தூக்கத்திலிருந்து திருடிய ஒரு மணி நேரமும். அதை எழுதி எழுதிச் சொந்தக் குரலைத் தேடுவதில் போடுவதா, எழுத்து நுட்பம் சொல்லித்தரும் புத்தகம், வகுப்பு, முகாம் என்று போடுவதா?

நான் ஒரு சிறிய பதிப்பகத்துக்குக் கைப்பிரதி வாசிக்கிறவன், மெய்ப்புத் திருத்துகிறவன். இதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். பெரிய எழுத்தாளர்கள் இதே கேள்விக்கு மேடையில் சொல்கிற பதில் வேறாக இருக்கும். அவர்களுக்கு அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, இந்த வழி உங்களை எழுதி முடிக்க வைக்குமா? ஆரம்பிக்க வைப்பது பெரிய காரியமில்லை. இரண்டு, உங்களை முன்பின் தெரியாத ஒருவர் கடைசிப் பக்கம்வரை வருவாரா? மூன்று, மேலே பெயரை மறைத்துவிட்டாலும் இது நீங்கள் எழுதியது என்று நண்பர் கண்டுபிடிப்பாரா? நான்கு, அது தமிழுக்குப் பொருந்துமா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம். ஐந்து, என்ன செலவு? காசு, காலம், அதோடு கணக்கில் ஏறாத செலவு.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 'குரல்', 'தனி நடை' என்றதும் பலர் வட்டார வழக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். "எங்க ஊர்ப் பேச்சைப் போட்டு எழுதினா அது என் நடைதானே?" இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும் அங்கே 1923இல் பிறந்தவர்கள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே கரிசல் மண், இருவருக்கும் சங்கீதப் பித்து வேறு. ஆனால் இருவரின் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே ஊர்க்காரர்கள் என்று சட்டென்று சொல்ல முடியாது. கி.ரா. திண்ணையில் உட்கார்ந்து நம் தொடையைத் தட்டிச் சொல்வார். அழகிரிசாமி தாழ்ந்த குரலில், பொதுத் தமிழில், ஒன்றுமே நடக்காததுபோலச் சொல்லிக்கொண்டு போய் நம்மை நிலைகுலைய வைத்துவிடுவார். ஊர் கொடுத்தது சரக்கைத்தான். எதைக் கவனிப்பது, எதை விடுவது, யாரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறானது. குரல் என்று நான் சொல்வது அதை.

அவர்கள் வந்த வழியும் வேறு வேறு. அழகிரிசாமி பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்; சென்னையிலும், 1950களில் மலேயாவிலும். பிறர் எழுத்தை வெட்டி ஒட்டித் திருத்துவதே பிழைப்பாக இருந்தது. கி.ரா. சம்சாரி, அதாவது விவசாயி. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டவர். முப்பதுகளின் நடுவில்தான் அவருடைய முதல் கதை அச்சேறியது. ஒருவர் மேசை வழியாக வந்தார், மற்றவர் களத்துமேட்டு வழியாக. சாகித்திய அகாதெமி இருவரையும் அங்கீகரித்தது, அழகிரிசாமியை மட்டும் அவர் போன பிறகு.

ஆகவே எந்த வழி 'உண்மையானது' என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உங்கள் நிலையில் எது லாபம் என்பதை மட்டும் பார்ப்போம்.

## சொந்த நடையைத் தேடிப் போவது

எந்தப் பாடமும் வேண்டாம், எழுதிக்கொண்டே இருக்கிறேன், நடை தானாக அமையும் என்று போவது.

இதில் கிடைக்கிற பெரிய நன்மை முதல் வரைவு. கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால் எழுத்து ஓடும். நாட்குறிப்பு, கடிதம், குடும்பக் கதை, வேலை பார்த்த இடத்து நினைவு எல்லாம் இந்த வழியில்தான் நன்றாக வரும். கி.ரா.வும் அழகிரிசாமியும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் வெகுகாலம் ஓடியவை. எதிரே ஒரே ஓர் ஆள், அவன் கோபிக்க மாட்டான், அவனுக்கு விளக்கம் தேவையில்லை என்ற இடத்தில் எழுதுகிறபோது பாசாங்கு கழன்று விழுந்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் நாவல் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். முதல் வரியில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான். இரண்டாம் பக்கத்தில் புள்ளினங்கள் இசைத்தன. நாற்பதாம் பக்கத்தில் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து கட்டை மூடி வைக்கும்போதுதான் மேலே செருகியிருந்த மூன்று பக்கக் கடிதத்தைப் பார்த்தேன். "ஐயா, நான் முப்பத்தோரு வருஷம் சில்லறை இல்லன்னு திட்டு வாங்குனவன்" என்று ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் ஒரே மூச்சு. நாவலில் எங்குமே இல்லாத ஆள் கடிதத்தில் முழுசாக இருந்தார். இவரிடம் மீண்டும் வருகிறேன்.

மறைமுகச் செலவு இங்கே மூன்று. முதலாவது காலம். குரல் எப்போது கிடைக்கும் என்பதற்குக் கெடு கிடையாது. ஐந்து வருடம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். இரண்டாவது, உங்கள் குரல் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் கடைசியாகப் படித்தவருடைய குரலாக இருக்கும். சுஜாதா கொடிகட்டிப் பறந்த நாட்களில் என் தலைமுறைப் பையன்களில் பாதிப் பேர் அவரைப் போலத்தான் துள்ளலாக எழுதினோம். நானும் ஆறு வருடம். இயல்பாக வருகிறது, யாரும் சொல்லித்தரவில்லை, ஆகவே என்னுடையது என்று நம்பினேன். சொல்லித்தராமல் ஒட்டிக்கொள்வதுதான் அதன் குணமே. மூன்றாவது, ஒருமுறை குரல் அமைந்துவிட்டால் அதற்கே வேலைக்காரன் ஆகிவிடுவது. "உங்க அந்த நக்கல் எனக்குப் பிடிக்கும்" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் சாவு வீட்டுக் கதையிலும் நக்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கதை நடுவில் படுத்துக்கொண்டால் ஏன் படுத்தது என்று இந்த வழியில் தெரியவே தெரியாது. மூட் இல்லை என்று எழுந்து போய்விடுவீர்கள்.

## எழுத்துப் பாடத்தை நம்புவது

'எழுதுவது எப்படி' வகைப் புத்தகங்களும் அஞ்சல்வழி வகுப்புகளும் தமிழுக்குப் புதிதில்லை. இப்போது ஜூம் வகுப்பு, இரண்டு நாள் முகாம், யூடியூப் காணொலி என்று வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இவற்றைக் கேலி செய்வது இலக்கிய வட்டத்தில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பக்கக் கதை, மாத நாவல், தொலைக்காட்சித் தொடர் வசனம், சொல் எண்ணிக்கை வைத்த போட்டிக் கதை ஆகியவற்றில் நுட்பம் தெரியாத ஆள் தோற்றுத்தான் போவார். ஒரு பக்கக் கதையில் மூன்றாம் வரிக்குள் ஆட்கள் வந்தாக வேண்டும். அங்கே நடையைத் தேடி உலாத்த இடமில்லை.

நல்ல பாடம் ஒன்றைச் செய்யும்: உங்கள் நோய்க்குப் பெயர் வைக்கும். பெயர் தெரிந்தால் பாதி சரியாகிவிடும். இதில் நம்மிடமே பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. அவர் சொன்னது இலக்கண நூல் போன்றவற்றுக்கு, கதைக்கு அல்ல. ஆனாலும் என் மேசைக்கு வரும் முதல் நாவல்களில் பத்தில் ஏழு 'சென்றுதேய்ந்து இறுதல்'. ஜோராக ஆரம்பித்து, நூறாம் பக்கத்தில் மூச்சு வாங்கி, கடைசியில் யாரையாவது லாரியில் அடிபட வைத்து முடிப்பது. மீதி மூன்று 'மற்றொன்று விரித்தல்', சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை வளர்த்துக்கொண்டு போவது. இந்தப் பட்டியல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது எப்படி எழுத வேண்டும் என்று உங்கள் வாயைத் திருத்துவதில்லை. எங்கே கெட்டது என்று மட்டும் சொல்கிறது.

சிக்கல் இறக்குமதிப் பாடங்களில்தான். அவை ஆங்கிலத்துக்காக ஆங்கிலத்தில் யோசித்தவை. தமிழ் வகுப்புகள் பலவற்றில் அவற்றை அப்படியே இறக்கிவிடுகிறார்கள்.

'சின்னச் சின்ன வாக்கியமாக எழுது' என்ற அறிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அம்மா விறகை முறித்து அடுப்பில் செருகி, ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதிவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'யார்றா வந்திருக்கா?' என்றாள்."

பாடத்தின்படி திருத்தினால்:

"அம்மா விறகை முறித்தாள். அடுப்பில் செருகினாள். ஊதுகுழலை எடுத்தாள். இரண்டு முறை ஊதினாள். கண்ணைத் துடைத்தாள். 'யார்றா வந்திருக்கா?' என்றாள்."

இரண்டாவதில் அம்மா சாவி கொடுத்த பொம்மை ஆகிவிட்டாள். தமிழில் வினையெச்சங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். வினைமுற்று கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடிச்சுப் போடும். வாக்கியம் நீளமாக இருந்தாலும் மூச்சு முட்டாது. நம் பாட்டிகள் எல்லோரும் அப்படித்தான் கதை சொன்னார்கள். அதற்காக இரண்டாவது எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. அதே அம்மா பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாம் நாள் அடுப்பு மூட்டுகிறாள் என்றால் இரண்டாவதுதான் சரி. ஒவ்வொரு செயலும் தனித்தனிப் பாரமாக நிற்கும். பாடம் இதைச் சொல்வதில்லை. 'சின்னது நல்லது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

'சொல்லாதே, காட்டு' என்பதும் இதே கதைதான். "அவன் கஞ்சன்" என்றால் சொல்வது. அவன் டீக்கடையில் நழுவுவதை எழுதினால் காட்டுவது. சரி. "எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்" என்றால்? அது சொல்கிறது, காட்டவும் செய்கிறது, கூடவே சொல்பவர் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட சொலவடைகளைப் 'பழசு' என்று வெட்டச் சொல்லும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். சலித்துப்போனதை வெட்டலாம், ஆனால் அந்த வகையையே வெட்டினால் வாசலில் நின்று பேசுகிற ஆளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம்.

நமக்கு உண்மையில் தேவைப்படும் பாடங்களோ அந்தப் புத்தகங்களில் இருக்காது. கதைசொல்லி தன் அப்பாவை 'வந்தார்' என்பதா, 'வந்தான்' என்பதா? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. தமிழில் அந்த ஒரு விகுதியிலேயே மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் முப்பது வருடம் நடந்ததெல்லாம் வந்துவிடும். எடுத்துரைப்பு எழுத்து மொழியிலா, பேச்சு மொழியிலா, பேச்சு என்றால் எவ்வளவு தூரம்? 'சளசள', 'நறநற' எல்லாம் எத்தனை இருக்கலாம்? இதற்கெல்லாம் பதில் தமிழில் எழுதியவர்களைப் படித்துப் பார்த்தால்தான் கிடைக்கும். அலங்காரத்தை வெட்டு என்ற பொது விதியை, எளிமையாக எழுதிய அசோகமித்திரனின் பக்கத்தில் வைத்தால் அது சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும்; கவிதைபோல எழுதிய லா.ச.ரா.வின் பக்கத்தில் வைத்தால் பக்கமே இருக்காது.

காசு செலவு வெளிப்படையானது, அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத செலவு, உள்ளே இருக்கும் குற்றம் பார்க்கும் ஆள் சீக்கிரம் விழித்துக்கொள்வது. ஒரு இளைஞர் தன் கணினிக் கோப்புறையைத் திறந்து காட்டினார். பதினொரு கதைகளின் தொடக்கம். ஒவ்வொன்றும் நாலு பத்தி, ஒவ்வொன்றும் கச்சிதம். ஐந்தாவது பத்தி எதிலும் இல்லை. 'முதல் வரியிலேயே வாசகனைப் பிடி' என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பிடித்தவரை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சொந்தப் போக்கு | எழுத்துப் பாடம் |
|---|---|---|
| முதல் வரைவு முடியுமா | பெரும்பாலும் முடியும் | தடைபட வாய்ப்பு அதிகம் |
| அந்நிய வாசகர் தங்குவாரா | சொல்ல முடியாது | ஓரளவு உறுதி |
| ஆள் தெரிவாரா | தெரிவார், சில சமயம் வேறொருவராக | அச்சில் வார்த்ததுபோல ஆகலாம் |
| தமிழுக்குப் பொருத்தம் | காது நன்றாக இருந்தால் இயல்பாகவே | பாடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது |
| தெரியாத செலவு | வருடங்கள் | துணிச்சல் |

## நடுவில் ஒரு மூன்றாம் வழி

இந்த இரண்டில் ஒன்று என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மூன்றாவதை: ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் பக்கங்களைக் கையால் நகலெடுப்பது, அல்லது தெரிந்த மொழியிலிருந்து ஒரு கதையைத் தமிழாக்குவது. பழைய குருகுலம்தான், குருவுக்கு இதில் ஒரு தொந்தரவும் கிடையாது. புதுமைப்பித்தன் ஏராளமான உலகக் கதைகளைத் தமிழாக்கியவர். அழகிரிசாமி ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியை மொழிபெயர்த்தார். சுந்தர ராமசாமி தகழியை மலையாளத்திலிருந்து கொண்டுவந்தார். மூவரில் யாருடைய குரலும் அதனால் கரைந்துபோகவில்லை.

மொழிபெயர்க்கும்போது கதை அடுத்தவருடையது; அதனால் கதையைப் பற்றிய கவலை இல்லை. முழு மூளையும் வாக்கியத்தில் இருக்கும். 'இதைத் தமிழில் ஒருத்தர் எப்படிச் சொல்வார்?' என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் காது எங்கே சம்மதிக்கிறது, எங்கே முகம் சுளிக்கிறது என்பது தெரிந்துபோகும். அந்தச் சம்மதமும் சுளிப்பும் சேர்ந்ததுதான் நடை.

குறை: மெதுவானது, யாரிடமும் காட்ட முடியாது, லைக் வராது. சிலருக்கு இதுவே சுகமாகிவிட்டுச் சொந்தமாக எழுதவே தோன்றாமல் போவதும் உண்டு.

## உங்கள் நிலைக்கு எது

இதுவரை எதையும் முழுதாக எழுதி முடித்ததில்லை என்றால் பாடத்தின் பக்கமே போகாதீர்கள். ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதுபோலக் கதையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். கூச்சமாக இருக்கும். எழுதியதில் எங்கே 'அது வந்து' என்று இழுக்கிறீர்கள், எங்கே வேகம் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நாலைந்து முடித்திருக்கிறீர்கள், படித்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால் பாடம் தேடலாம். அதிலும் 'எழுதுவது எப்படி' என்ற பொதுப் பாடம் வேண்டாம். அந்த ஒரு நோய்க்கு மருந்து தேடுங்கள். உரையாடல் செத்துக் கிடந்தால் உரையாடலுக்கு மட்டும். ஆளாளுக்கு வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால் அது ரசனை வேறுபாடு, கவலை வேண்டாம்.

கெடு இருந்தால், கூலிக்கு எழுதினால், பாடம்தான். யோசிக்காதீர்கள்.

எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் மறுநாள் யாருக்கும் நினைவில் இல்லை என்றால் வகுப்புகளை ஒரு வருடம் நிறுத்துங்கள். முகாமுக்கான காசில் அழகிரிசாமி தொகுப்பு, கி.ரா. தொகுப்பு இரண்டையும் வாங்கிவிடலாம்.

பட்டறைக்குப் போவதானால் சொந்தக் கால் ஊன்றிய பிறகு போவது நல்லது. அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தில் போனபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அதற்கு முன் பல வருடம் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்து, அதை விட்டு, எழுத்தையே நம்பி வாழ்ந்துகொண்டிருந்தவர். அங்கே போய் வந்து அவர் எழுதிய நாவலில் உத்தி பற்றிய பாடம் எதுவும் இல்லை. கூடத் தங்கியிருந்த மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

அந்த நடத்துநர் விஷயம். நாவலை ஓரமாக வைத்துவிட்டு, கடிதம் எழுதியதுபோலவே மீதியையும் எனக்கு எழுதுங்கள், வாரம் ஒரு கடிதம் போதும் என்றேன். "அது வெறும் லெட்டர்தான சார், அதுல இலக்கியம் எங்க இருக்கு?" என்று இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார். பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. இருபத்தாறு வந்தன. சேர்த்துக் கோத்து மெய்ப்பு அனுப்பியபோது இரண்டு திருத்தம் செய்து அனுப்பினார். 'விசில் குடுத்தேன்' என்பதை ஓர் இடத்தில் 'சீழ்க்கை ஒலி எழுப்பினேன்' என்று மாற்றியிருந்தார். அதை நான் சத்தமில்லாமல் பழையபடியே வைத்தேன். இன்னொன்று, பணி ஓய்வு விழா பற்றிய நாலு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். மாலை, பொன்னாடை, மேலாளர் பேச்சு எல்லாம் அதில் இருந்தது. எனக்கு அது உறுத்தவே இல்லை. ஏன் என்று போனில் கேட்டேன்.

"கடைசி ட்ரிப்பு பஸ்ல, நின்னுக்கிட்டு வர்றவங்கிட்ட இதைச் சொன்னா அவன் கேப்பானா சார்?" என்றார்.